பூனை எங்கே இருந்தது?

கேள்வி:

என் பெண்ணுக்கு 10 வயது. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் எல்லாம் இங்கிலீஷ் மீடியம். ஆனால் கதை மட்டும் தமிழில்தான் எழுதுவாள். வாரத்துக்கு ஒன்றாவது எழுதிவிடுவாள். போன மாதம், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த நாளில் ஒரு பூனை காணாமல் போவதாக ஒரு கதை எழுதினாள். பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கலாமே என்று பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, "இதையெல்லாம் திருத்தி, இன்னும் நன்றாக எழுதிக்கொண்டு வா" என்றேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள். மூன்று வாரமாக நோட்டைத் தொடவில்லை. "எழுதினது எழுதினதுதான், மாத்த மாட்டேன்" என்கிறாள். தன் கதையைத் தானே படித்துப் பார்த்துச் சரிசெய்யும் பழக்கத்தை இவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? "சின்னப் பெண், விட்டுவிடு" என்கிறார் என் கணவர். பிழையோடு விட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு தாய், பெரம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கிழிந்த பக்கத்தை செலோடேப் போட்டு ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, கடிதத்தோடு வைத்து அனுப்பியிருந்தீர்கள். உங்கள் பெண் கிழித்ததை நீங்கள் குப்பையில் போடவில்லை. அந்த ஒட்டுப்போட்ட காகிதத்தைப் பார்த்ததும்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும் என்று தோன்றியது.

கதையை மூன்று முறை படித்தேன். அதன் கடைசிப் பகுதியை மற்ற வாசகர்களுக்காக, அவள் எழுதியபடியே இங்கே தருகிறேன்:

"ஒரு நாள் தண்ணீர் லாரி வந்தது. எல்லோரும் குடம் எடுத்து கொண்டு ஓடினார்கள். மீனா பூனையை தேடினாள். பூனை கிடைக்கவில்லை. மீனா மிகவும் கவலை பட்டாள். பிறகு பூனை கிடைத்தது. மீனா மிகவும் மகிழ்ச்சி அடைந்தாள். நீதி: செல்ல பிராணிகளை கவனமாக பார்த்து கொள்ள வேண்டும்."

ஒன்றரைப் பக்கக் கதையில் நீங்கள் போட்ட சுழி மொத்தம் 17. எண்ணிப் பார்த்தேன். 13 ஒற்றுப் பிழை, அதாவது சொல்லுக்கு நடுவில் வரவேண்டிய க், ச், த், ப் விட்டுப்போனது. மீதி 4, குழாயைக் 'குளாய்' என்றும் வாளியை 'வாலி' என்றும் எழுதிய வகை. எல்லாமே பிழைகள்தான், நீங்கள் சுழித்ததில் தவறே இல்லை. ஆனால் அந்த 17 சுழியில் ஒன்றுகூட, 'பூனை எங்கே இருந்தது?' என்று கேட்கவில்லை.

'பிறகு பூனை கிடைத்தது.' கதை முழுக்க இந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறபோது ஒரு பெண் மட்டும் பூனையைத் தேடுகிறாள். அது எங்கே கிடைத்தது? லாரிக்கு அடியிலா, காலி டிரம்முக்குள்ளா, பக்கத்து வீட்டு மாடிப்படியிலா? யார் கண்ணில் முதலில் பட்டது? உங்கள் பெண்ணுக்கு இது நிச்சயமாகத் தெரியும். எழுதும்போது அந்தப் பூனை அவள் கண்ணுக்குள் இருந்தது. அதனால்தான் அதைக் காகிதத்தில் எழுதவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தான் பார்த்ததைப் படிப்பவரும் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது இந்த வயதின் இயல்பு. அந்த இடத்தை அவளே கண்டுபிடித்து நிரப்பக் கற்றுக்கொடுப்பதுதான் நீங்கள் கேட்கிற பழக்கம். ஒற்றும் எழுத்துப் பிழையும் அதற்கு அப்புறம்.

அவள் ஏன் 'மாத்த மாட்டேன்' என்கிறாள் என்பதையும் பார்ப்போம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவது என்ன? 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது.' ரஃப் நோட்டில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், ஃபேர் நோட்டில் ஒரு கோடு விழக்கூடாது. திரும்ப எழுது என்று சொன்னால் அது பெரும்பாலும் இம்போசிஷன், அதாவது தண்டனை. ஐந்து வருடம் இப்படிப் பழகிய குழந்தையிடம் 'திருத்தி எழுதிக்கொண்டு வா' என்றால் அவள் காதில் அது தண்டனையாகத்தான் விழும். எழுத்தாளர்கள் எல்லோரும் அடித்துத் திருத்தித்தான் எழுதுகிறார்கள் என்பதை அவளுக்கு யாரும் காட்டியதே இல்லை.

எனக்கும் இது ஒரு பையன் மூலமாகத்தான் புரிந்தது. ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பாவோடு முதல்முறை கடலுக்குப் போனதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். பிழை நிறைய. படகு திரும்பும்போது கரை தெரிவதற்கு முன்னாலேயே காசிமேட்டின் வாசனை தெரிந்துவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தான். நான் அந்த வரியில் இருந்த இரண்டு எழுத்துப் பிழையைச் சுழித்தேன். கீழே 'நல்ல முயற்சி, பிழைகளைத் தவிர்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கட்டுரையில் அவன் நாலே வரி எழுதினான். தனக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களை மட்டும் போட்டிருந்தான். பிழை ஒன்றுகூட இல்லை. கடலும் இல்லை. அந்த வருடம் முழுவதும் அவன் எனக்கு நாலு வரிதான் எழுதினான். அதற்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன். இப்போது சனிக்கிழமை எழுத்து வகுப்பில் நான் சிவப்புப் பேனாவைத் தொடுவதே இல்லை.

சரி, இனி என்ன செய்யலாம்? முதலில் நோட்டைத் தொடாதீர்கள். கதையைப் பற்றிப் பேசவும் வேண்டாம். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் 'கோபம் வந்தது' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே 'கஷ்டமாக இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸைத் தனியாகத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் அவளிடம் காட்டுங்கள். "முதல்ல கோபம்னுதான் எழுதினேன். அப்புறம் யோசிச்சா அது கோபம் இல்லன்னு தெரிஞ்சுது" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். அம்மா அடித்து எழுதியதை அவள் கண்ணால் பார்த்தால் போதும்.

அடுத்தது நோட்டு. நல்ல அட்டை போட்ட டைரி வாங்கிக்கொடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை எடுத்து வையுங்கள். அழகான நோட்டில் கோடு போட யாருக்குமே கை வராது. சாதாரண கோடு போட்ட ரஃப் நோட்டு ஒன்று வாங்குங்கள். வலது பக்கத்தில் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும். இடது பக்கம் முழுக்கக் காலியாக இருக்கட்டும். அப்புறமாகத் தோன்றுவது, புதிதாகச் சேர்ப்பது எல்லாம் அங்கே வரும். ஒரு அம்புக்குறி போட்டு இணைத்துவிடலாம். இப்படிச் செய்தால் திரும்ப முழுவதையும் எழுதவேண்டிய பயம் போய்விடும். பென்சிலும் ரப்பரும் வேண்டாம், பேனா போதும். வேண்டாத சொல்லின் மேல் ஒற்றைக் கோடு. அடியில் இருக்கிற சொல் தெரியவேண்டும், ஏனென்றால் நாளைக்கே அது திரும்ப வேண்டியிருக்கலாம்.

எழுதி முடித்த அன்றே எதையும் கேட்காதீர்கள். இட்லிக்கு அரைத்த மாவை உடனே தட்டில் ஊற்றுகிறோமா? ஒரு ராத்திரி வைத்தால்தான் பொங்கும். கதைக்கு நான் நாலைந்து நாள் விடுவேன். அந்த இடைவெளியில், எழுதியவளே கொஞ்சம் வெளியாளாகிவிடுகிறாள். நேற்று கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அப்போது தெரியும்.

நாலைந்து நாள் கழித்து, கதையை நீங்கள் சத்தமாக வாசியுங்கள். அவள் வாசிப்பதைவிட நீங்கள் வாசிப்பது முக்கியம். அவளே வாசித்தால் காகிதத்தில் இல்லாததையும் மனதிலிருந்து சேர்த்து வாசித்துவிடுவாள். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வாசியுங்கள்; புள்ளி இல்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள், விட்டுப்போன சொல்லை நீங்களாகச் சேர்க்காதீர்கள். முகத்தைச் சுளிக்க வேண்டாம். பேனா அவள் கையில் இருக்கட்டும். என் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் முதல் பத்தி முடிவதற்குள் "ஐயோ மிஸ், இருங்க இருங்க" என்று நோட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த 'இருங்க' வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. "அப்புறம் என்னாச்சு? அந்தப் பூனை எங்கதான் போயிருந்துச்சு?" என்று பாட்டி கேட்பதைப்போல ஒரு எடிட்டரும் கேட்க முடியாது.

வாசித்த பிறகு நீங்கள் பேசும் முறை ஒன்றே ஒன்றுதான். எங்கே உங்களுக்குப் புரிந்தது, எங்கே புரியவில்லை, எங்கே இன்னும் கேட்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். 'இங்கே இப்படி எழுது' என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் டொனால்ட் கிரேவ்ஸ் என்ற கல்வியாளர், வகுப்பறைகளில் பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர்கள் எழுதுவதை நெடுநாள் கவனித்து, 1983-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் அழுத்திச் சொன்னது இதைத்தான்: எழுத்து குழந்தையுடையது, பெரியவர் அதைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது, கேள்வி கேட்கலாம், காதுகொடுத்துக் கேட்கலாம்.

கேள்வி மட்டும் கேட்டுவிட்டு விட்டால் போதுமா என்றால், போதாது. இங்கேதான் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். கனடாவின் டொரண்டோவில் மார்லீன் ஸ்கார்டமாலியாவும் கார்ல் பெரைட்டரும் 1980-களில் 4, 6, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் பிள்ளை நிறுத்தவேண்டும். 'படிப்பவர் இதை நம்ப மாட்டார்', 'இதை இன்னும் தெளிவாகச் சொல்லலாம்' என்பதைப்போல முன்கூட்டியே எழுதிய வரிகளிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுக்கவேண்டும். பிறகு 'உதாரணம் கொடுக்கலாம்', 'இந்தப் பகுதியை எடுத்துவிடலாம்' என்று அடுத்து செய்யவேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் தெரியவந்தது என்னவென்றால், எங்கே குறை இருக்கிறது என்று பிள்ளைகள் நன்றாகவே கண்டுபிடிக்கிறார்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்கிற இடத்தில்தான் திணறுகிறார்கள். என் அனுபவமும் அதேதான். 'இன்னும் நன்றாக எழுது' என்று கேட்டதும் உங்கள் பெண் கிழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

அதனால் நானும் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். பழைய காலண்டர் தாளை வெட்டி எழுதியவை. 'எங்கே?', 'யார் சொன்னது?', 'கை என்ன செய்தது?', 'இந்த வரி இல்லாவிட்டால் கதை நிற்குமா?', 'இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு', 'இதை முதலில் சொன்னால்?' இப்படிப் பத்துப் பன்னிரண்டு. பிள்ளையே குலுக்கி ஒன்று எடுத்து, அது தன் கதையில் எந்த வரிக்குப் பொருந்தும் என்று தேடும். ஒரு கதைக்கு இரண்டு சீட்டுக்கு மேல் வேண்டாம்.

இதில் நான் அதிகம் நம்புவது 'கை என்ன செய்தது?' என்ற சீட்டை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு, ஜனவரி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் மழையைப் பற்றியே எழுதினார்கள். வேளச்சேரியிலிருந்து வரும் எட்டு வயதுப் பையன் இப்படி எழுதியிருந்தான்: 'வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நாங்கள் மிகவும் பயந்தோம்.' அவன் எடுத்ததும் இதே சீட்டுதான். "யார் கை மிஸ்?" என்றான். "யார் கை உனக்கு ஞாபகம் இருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது பக்கத்தில் எழுதினான்: 'பாட்டி முதலில் சாமி படங்களை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அப்புறம் அரிசி டப்பாவைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். அப்புறம் என்னைத் தூக்கி அரிசி டப்பா பக்கத்தில் வைத்தார்.' அடுத்த சனிக்கிழமை இதை நான் வாசித்துக் காட்டியபோது, 'நாங்கள் மிகவும் பயந்தோம்' என்ற வரியின் மேல் அவனாகவே கோடு போட்டான். "இது வேணாம் மிஸ், அதான் தெரியுதே" என்றான். பிள்ளைகளுக்குச் சேர்ப்பது சுலபம், எடுப்பது கஷ்டம். எழுதிய ஒரு வரியை விட்டுக்கொடுக்க மனமே வராது. நல்ல வரி ஒன்று பக்கத்தில் வந்துவிட்டால்தான் பழையதை விடுவார்கள். அதனால் எப்போதும் முதலில் சேர்க்கச் சொல்லுங்கள், வெட்டுவது தானாக நடக்கும்.

இது நமக்கு வெளியிலிருந்து வந்த பாடமும் இல்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளத்தில் இருப்பது மெய்யில், அதாவது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. 'மிகவும் கவலைப்பட்டாள்' என்று உங்கள் பெண் எழுதிய இடத்தில், மீனா கவலைப்பட்டபோது அவள் உடம்பு என்ன செய்தது என்று கேட்டால் அவளுக்கு வழி கிடைத்துவிடும். குடத்தைக் கீழே வைத்தாளா, வரிசையில் தன் இடத்தை விட்டாளா? தண்ணீர் வரிசையில் இடத்தை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊர்ப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாக்கியங்களைப் பற்றிக் கொஞ்சம். அவள் கதையில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'மீனா' வருகிறது. தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். 'தேடினாள்' என்றாலே அவள்தான். தேவையில்லாத 'மீனா'வை எல்லாம் எண்ணி எடுக்கிற விளையாட்டு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இன்னொன்று, ஒவ்வொரு செயலுக்கும் தனி வாக்கியம், 'தாள், தாள்' என்று முடிந்துகொண்டே போகிறது. வாக்கியங்களைத் தனித்தனித் தாள் துண்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். எதை எதோடு சேர்க்கலாம் என்று அவளே நகர்த்தட்டும். 'ஓடினாள், குனிந்தாள், பார்த்தாள்' என்பது 'ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள்' என்று ஆகும்போது, வினையெச்சம் என்ற சொல் தெரியாமலேயே வினையெச்சம் வந்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துவிடக் கூடாது. 'பூனை கிடைக்கவில்லை' என்பது தனியாகத்தான் நிற்கவேண்டும். அதை அவள் விட்டுவைக்கிறாளா என்று பாருங்கள். விட்டுவைத்தால் அவளுக்குக் காது இருக்கிறது என்று அர்த்தம்.

பேச்சு வரும் இடங்கள் தனி. முதல் பக்கத்தில் மீனாவின் அம்மா, "மகளே, நீ ஏன் அழுகிறாய்?" என்று 'வினவுகிறாள்'. பெரம்பூரில் எந்த அம்மா இப்படிக் கேட்பாள்? பாடப்புத்தகத்தில் பார்த்ததை அவள் கதைக்கும் உரிய மொழி என்று நினைத்துவிட்டாள். நீங்கள் அவளிடம் எப்படிக் கேட்பீர்களோ அதையே மேற்கோள் குறிக்குள் எழுதச் சொல்லுங்கள். 'பேச்சுத்தமிழ் பழகிவிட்டால் பரீட்சையில் எழுதிவிடுவாளே' என்று சில பெற்றோர் பயப்படுவார்கள். கதைசொல்லும் வரிகள் எழுத்துத்தமிழ், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத்தமிழ் என்று பிரித்துச் சொன்னால் பத்து வயதுக்கு நன்றாகவே புரியும். ஜெயகாந்தன் சென்னைச் சேரி மக்களின் பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தார், கி. ராஜநாராயணன் கரிசல்காட்டுப் பேச்சைக் கொண்டுவந்தார். தமிழ் அதனால் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

'நீதி' பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவள் படித்த கதைகளில் எல்லாம் அது இருந்திருக்கும், அதனால் போட்டிருக்கிறாள். கடைசி வரியைத் தாளோடு மடித்து மறைத்துவிட்டு ஒருமுறை, பிரித்துவிட்டு ஒருமுறை வாசியுங்கள். எது பிடிக்கிறதோ அது இருக்கட்டும். பூனை கிடைத்த இடம் நன்றாக வந்துவிட்டால் அவளே எடுத்துவிடுவாள் என்று நினைக்கிறேன்.

இனி உங்களுக்கு மனம் ஆறாத விஷயம், பிழை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. வேறு ஒரு நாளைக்கு, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கதை மாறிக்கொண்டிருக்கும்போது பிழை திருத்துவது வீண்வேலை. திருத்திய வரியையே நாளைக்கு அவள் வெட்டிவிடலாம். புத்தகம் போடுகிற இடத்திலும் இப்படித்தான். செம்மையாக்கம், அதாவது எடிட்டிங், முதலில்; மெய்ப்புத் திருத்தம், அதாவது புரூஃப் பார்ப்பது, கடைசியில். இரண்டையும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் பார்ப்பார்கள். அவளிடமும் அப்படிச் சொல்லுங்கள்: இன்றைக்கு நீ எழுத்தாளர் இல்லை, புரூஃப் பார்க்கிறவர். கையில் ஒரு பச்சைப் பென்சில் கொடுங்கள்.

17 பிழையையும் ஒரே நாளில் பார்க்கவேண்டாம். ஒரு வகையை மட்டும் எடுங்கள். உங்கள் பெண்ணுக்கு ஒற்றிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில் பாதியைக் காதே சொல்லிக்கொடுக்கும். 'எடுத்து கொண்டு' என்று எழுதியிருக்கிறாள். ஆனால் வாய் 'எடுத்துக்கிட்டு' என்றுதான் சொல்கிறது, அங்கே 'க்' நன்றாகக் கேட்கிறது. 'கவலப்பட்டா' என்று சொல்லும்போது 'ப்' கேட்கிறது. "உன் வாய் சொல்ற புள்ளி எழுத்தை உன் கை விட்டுருச்சு பார்" என்றால் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள். 'பூனையை தேடினாள்' மட்டும் காதில் விழாது, பேச்சில் நாம் 'பூனைய தேடினா' என்கிறோம். இதற்கு ஒரே ஒரு விதி போதும்: 'ஐ' சேர்ந்து முடிந்த சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் புள்ளி வைத்த எழுத்து நடுவில் வரும். பூனையைத் தேடினாள், பிராணிகளைக் கவனமாக. கதையில் இந்த மாதிரி எத்தனை இடம் என்று அவளே வேட்டையாடட்டும்.

ல, ள, ழவும் ர, றவும் அடுத்த கதைக்கு. சென்னையில் 'ழ'வை நம்மில் பலர் 'ள' என்றே சொல்லிவிடுகிறோம், ர, ற இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டது. ஆகையால் 'சத்தம் போட்டுச் சொல்லிப் பார்' என்பது இங்கே உதவாது. கண்ணால் பார்த்துப் பழகினால்தான் வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் வழக்கமாகத் தவறவிடும் சொற்களுக்கு ஒரு பட்டியல் போடட்டும், வாரத்துக்கு மூன்று சொல். 'வாலி' ராமாயணத்தில் வருகிறவன், தண்ணீர் பிடிப்பது 'வாளி' என்பதை ஒருமுறை சொன்னால் மறக்கமாட்டாள். கதையை ஃபோனில் ஏதாவது ஒரு செயலியிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், இப்போதைக்கு வேண்டாம். சுத்தமான கதை வந்துவிடும், ஆனால் தேடிப் பார்க்கும் கண் அவளுக்கு வராது.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. எல்லாக் கதையையும் திருத்த வேண்டியதில்லை. ஐந்து எழுதினால் ஒன்று போதும், அந்த ஒன்றை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற நாலும் அப்படியே பிழையோடு நோட்டில் கிடக்கட்டும். எழுதுகிற ஆசை அங்கேதான் வளர்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். சிறுவர் பகுதியில் அவளை விட்டுவிட்டு, ஐந்து கதையின் முதல் வரியை மட்டும் நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். 'ஒரு ஊரில்' என்று தொடங்காத கதை எத்தனை என்று அவளே எண்ணிச் சொல்வாள். அவள் கதையின் முதல் வரியை மாற்றச் சொல்ல உங்களுக்கு அவசியமே இருக்காது. நேரம் இருந்தால் இன்னொரு நாள் பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூலகத்துக்கும் போகலாம். அவர் சீவக சிந்தாமணியை முதலில் அச்சிட்டது 1887-இல். 20 வருடம் கழித்து, 1907-இல், அதைத் திருத்தி இரண்டாம் பதிப்புப் போட்டார். ஊரெல்லாம் போற்றிய புத்தகத்தையே, எடுத்து மறுபடி பார்த்துச் சரிசெய்தவர் அவர். 'எழுதினது எழுதினதுதான்' என்கிற பெண்ணுக்கு இதை ஒரு கதையாகச் சொல்லலாம்.

ஆண்டு மலருக்குக் கதை கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போதும். ஆனால் இந்தக் கதைதான் போகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், வேறொன்று எழுதினாலும் சரி. கொடுக்கிற நேரத்தில் அவள் கண்ணில் படாத பிழை இரண்டு மூன்று மிச்சம் இருந்தால், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு, நீங்களே திருத்திக்கொடுக்கலாம். எந்தப் பத்திரிகையிலும் எழுத்தாளருக்கு அந்த உதவி கிடைக்கிறது. அவளுக்கும் கிடைக்கட்டும்.

கடைசியாக, ஒட்டி வைத்திருக்கும் அந்தப் பக்கம். அது உங்களிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது என்றால் சொல்லிவிடுங்கள். "கிழிச்சதுக்குத் திட்ட மாட்டேன். சுழிச்சது என் தப்பு. பூனை என்னாச்சுன்னு எனக்குத் தெரியணும், அதான் ஒட்டி வெச்சேன்" என்று சொல்லிப் பக்கத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். உடனே பதில் வராது. இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போதோ, தலை பின்னிக்கொள்ளும்போதோ, சம்பந்தமே இல்லாமல் சொல்வாள். அப்போது பேனா எடுக்க ஓடாதீர்கள். முழுவதும் கேளுங்கள். பிறகு, பூனை எங்கே இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். அவள் கையெழுத்திலேயே, அடித்தல் திருத்தலோடு.

அன்புடன்,
சனிக்கிழமை எழுத்து வகுப்பு ஆசிரியை, சென்னை